காலை உணவு வரிசையில் அதே முகங்கள்: கப்பலில் நகைச்சுவை செய்ய வருகிறவர்களுக்கு

ஓர் உல்லாசக் கப்பலின் ஏழு இரவுப் பயணத்தில் இரண்டாவது இரவு. முன்வரிசையில் ஒரு பெரியவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரங்கமே சிரிக்கிறது, அவர் முகத்தில் மட்டும் ஓர் அசைவும் இல்லை. மேடையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், எண்ணூறு பேர் சிரித்தாலும் சிரிக்காத அந்த ஒருவர் மேல்தான் கண் போய் நிற்கும். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, சிரிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, டிக்கெட்டிலேயே சேர்த்தாகிவிட்டது" என்றேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்த ஷோ முடிவதற்குள் இன்னும் நான்கு முறை அவரிடம் திரும்பினேன். ஒவ்வொரு முறையும் நல்ல சிரிப்பு.

மறுநாள் காலை பஃபேயில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் அவர். திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "நேற்று நான் நிறையச் சிரித்தேன். முகத்துக்குத்தான் தெரியவில்லை" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சொன்னார்: பார்க்கின்சன் நோய், ஐந்தாவது வருடம். அந்த நோயில் பலருக்கு முகத் தசைகள் இறுகி, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் போய்விடும்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயணம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. லிஃப்டில், மேல்தளத்தில், நூலகத்தில் என்று ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது அவரைப் பார்த்தேன்.

இந்த வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் காலை உணவு வரிசையில்தான் இருக்கிறது. நிலத்தில் ஷோ முடிந்தால் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். கப்பலில் இரண்டு பேருக்கும் வீடு ஒன்றுதான். 11 வருடமாக நான் செய்துவரும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

வேலை எப்படிக் கிடைக்கும்

கப்பலில் நகைச்சுவை வேலை பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, விருந்தினர் கலைஞர். ஒரு துறைமுகத்தில் ஏறி, நான்கு நாளோ ஒரு வாரமோ இருந்து, பெரிய அரங்கில் இரண்டு இரவு ஷோ செய்துவிட்டு, வேறொரு துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடிப்பவர். இன்னொன்று, நகைச்சுவைக்கென்றே தனி அரங்கு வைத்திருக்கும் கப்பல்கள். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் இருக்கும் பஞ்ச்லைனர் கிளப் இந்த வகை. சுமார் அரை மணி நேர ஷோக்கள். மாலையில் குடும்பத்தோடு பார்ப்பவை, இரவு நேரத்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அங்கே ஒரே இரவில் பல முறை மேடை ஏற வேண்டும்.

எந்த விதமானாலும் முதல் கேள்வி, உங்களிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதுதான். நிலத்தில் ஒரே 20 நிமிடத்தை வருடம் முழுக்க ஊர் ஊராகச் சொல்லி மெருகேற்றலாம். கப்பலில் திங்கள் இரவு பார்த்தவரே வியாழன் இரவும் வருவார். விருந்தினர் கலைஞராக வருகிறவருக்கு, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு 45 நிமிட ஷோ வேண்டும். அதாவது 90 நிமிடம். அதுவும் எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. அது கையில் சேரும்வரை விண்ணப்பிக்காதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்வேன். 60 நிமிடச் சரக்கோடு ஏறி, இரண்டாவது இரவில் தடுமாறிய திறமைசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

அனுப்பும் வீடியோ ஏழெட்டு நிமிடம் போதும். வெட்டாமல், ஒரே கேமராவில், கூட்டத்தின் சத்தம் நன்றாகக் கேட்கும்படி எடுத்ததாக இருக்கட்டும். துண்டு துண்டாக ஒட்டிய வீடியோவைப் பார்த்தால், சிரிப்பு வராத இடங்கள் எங்கே போயின என்றுதான் தேர்வு செய்கிறவர் யோசிப்பார். முழு 45 நிமிடப் பதிவும் தயாராக இருக்கட்டும், அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.

ஏஜென்ட் மூலமாகத்தான் பலருக்கு முதல் வாய்ப்பு வருகிறது. அவர் தன் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் வேலை வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் தொழிலாளர்களிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் போன்ற சொந்த ஆவணச் செலவுகள் மட்டும்தான் விதிவிலக்கு.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கட்டும். கடல் பணிக்கான மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு வருடம் செல்லும். அமெரிக்கத் துறைமுகம் வழியில் இருந்தால் பெரும்பாலோருக்கு கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா தேவைப்படும். ஊழியராகப் பட்டியலில் ஏறுகிறவர்களிடம் எஸ்.டி.சி.டபிள்யூ என்ற சர்வதேசக் கடல் பணி விதிப்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கேட்பார்கள். கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் நடந்துகொள்ளும் முறை என்று நான்கு பகுதி. யாரும் கேட்காவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள் என்பேன்.

பயணத் தேதியில் ஒரு நாள் முன்னதாகவே அந்தத் துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. மேடைக்குப் போடும் ஒரு செட் உடையும் காலணியும் கையில் வைத்திருக்கும் பையிலேயே இருக்கட்டும். ஒரு முறை என் பெட்டி வேறு விமானத்தில் போய், மூன்றாவது துறைமுகத்தில்தான் வந்து சேர்ந்தது. அன்றைய ஷோவுக்கு டிரம் வாசிக்கும் நண்பரின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். தோள் இரண்டு அங்குலம் அகலம். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

முதல் நாள்

ஏறியதும் பாதுகாப்பு வகுப்பு இருக்கும். அலுப்பாகத்தான் இருக்கும், கவனமாகக் கேளுங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: இதுதான் பொது அவசரச் சைகை. அது கேட்டால் உங்கள் இடம் எது, அறையிலிருந்து அங்கே போக இரண்டு வழிகள் எவை என்பதை முதல் நாளே நடந்து பாருங்கள். இரவில், விளக்கு இல்லாமல் போக வேண்டியிருந்தால் எப்படி என்று யோசித்துக்கொண்டே நடங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. 1991 ஆகஸ்டில் ஓஷனோஸ் என்ற பயணக் கப்பல் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் மூழ்கியது. கேப்டனும் ஊழியர்கள் பலரும் முன்பே கிளம்பிவிட்ட நிலையில், மீதமிருந்த பயணிகளைக் காப்பாற்றுவதில் முன்னால் நின்றவர்கள் கப்பலின் கலைஞர்கள். கிட்டார் வாசிக்கும் மாஸ் ஹில்ஸ் ரேடியோவில் உதவி கேட்டார். மேஜிக் கலைஞர் ராபின் போல்ட்மன் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். கப்பலில் இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். மேடையில் பார்த்த உங்கள் முகம் மக்களுக்கு நினைவிருக்கும். குழப்பத்தில் அவர்கள் தெரிந்த முகத்தைத்தான் தேடுவார்கள். அதனால் கதவு எங்கே, படகு எங்கே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அன்றைக்கே மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். பயணிகளுக்கான நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் க்ரூஸ் டைரக்டர், மேடை மேலாளர், ஒலி பார்ப்பவர். க்ரூஸ் டைரக்டர்தான் உங்கள் மேலதிகாரி. எது பேசலாம், எது கூடாது என்று அந்த நிறுவனத்தின் எல்லையை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒலி பார்ப்பவரிடம் பெயர் சொல்லி, கை கொடுக்காமல் வணங்கி, உங்கள் மைக் பழக்கத்தைச் சொல்லுங்கள். கை ஏன் கொடுக்கக் கூடாது என்று பின்னால் வருகிறேன்.

மேடை

கப்பலின் பெரிய அரங்கம் பெரும்பாலும் முன்பகுதியில் இருக்கும். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது நடுப்பகுதியை விட முனைகள்தான் அதிகம் ஆடும். அதனால் உங்கள் அறையில் ஒன்றும் தெரியாத இரவில்கூட மேடை நகரலாம். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இறுக்காமல் நில்லுங்கள். உயரமான ஸ்டூல் வேண்டாம். தண்ணீரைத் திறந்த டம்ளரில் வைக்காமல் மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். வழவழப்பான அடிப்பாகம் உள்ள காலணி கூடவே கூடாது. கப்பல் பெரிதாக ஒரு முறை சாய்ந்தால், பேச்சை நிறுத்தி, கூட்டத்தோடு சேர்ந்து அதை உணருங்கள். அந்த நொடியில் எல்லோர் வயிறும் ஒரே இடத்தில் இருக்கும். "நாம் எல்லோரும் அதை உணர்ந்தோம் அல்லவா" என்று மெதுவாகச் சொன்னாலே போதும், பயம் சிரிப்பாக மாறிவிடும். கப்பல் மூழ்குவது பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். முதல் முறை கடலில் வந்திருக்கும் ஒருவர், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்.

ஒரே இரவில் ஒரே ஷோவை இரண்டு முறை செய்வீர்கள், இரவு உணவு இரண்டு பந்தி என்பதால். முதல் ஷோவுக்கு வருகிறவர்கள் விழிப்பாக இருப்பார்கள், சீக்கிரம் சிரிப்பார்கள். இரண்டாவது ஷோவுக்குச் சாப்பிட்டுவிட்டு, நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வருவார்கள். அட்லாண்டிக்கில் கிழக்கு நோக்கிப் போகும் பயணமென்றால், கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே நகர்த்திக்கொண்டே போவார்கள். மூன்றாவது நாளில் இரண்டாவது ஷோ கூட்டம் உண்மையிலேயே களைத்திருக்கும். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை. வேகத்தைக் குறையுங்கள், குரலைத் தணியுங்கள், சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டு நீளமான கதைகளைச் சொல்லுங்கள்.

நான் மேடையில் பேசுவது ஆங்கிலம், யோசிப்பது தமிழ். ஆரம்பத்தில் இதைக் குறை என்று நினைத்தேன். ஆனால் கப்பல் அரங்கில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. என்னைப் போலவே அவர்களும் ஒரு வாக்கியத்தை உள்ளுக்குள் மாற்றிப் பார்த்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். சொல் விளையாட்டை நம்பிய நகைச்சுவை அவர்களைத் தாண்டிப் போய்விடும். ஒரு நாட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கடைப் பெயர், அரசியல்வாதி என்று வந்தால் பாதி அரங்கம் விழிக்கும். மனிதர்கள் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய கதைகள் எந்த மொழியிலும் போய்ச் சேரும். என் அப்பா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையை ஆறு நிமிடம் சொல்வேன். பதினைந்து நாட்டுக்காரர்கள் இருந்த அரங்கிலும் அது தவறியதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் பக்கத்து இருக்கையில் பிரேக்கைத் தேடி மிதித்த ஓர் அப்பா இருந்திருக்கிறார்.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது

கப்பலைப் பற்றிய பழைய நகைச்சுவைகள் ஒரு மூட்டை உண்டு. ஊழியர்கள் இரவில் கப்பலிலேயே தூங்குவார்களா, நள்ளிரவு விருந்து எத்தனை மணிக்கு, இந்தப் படி மேலே போகுமா என்று பயணிகள் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்விகள். இவற்றைத் தொடாதீர்கள். உங்களுக்கு முன் வந்த பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், க்ரூஸ் டைரக்டரே முதல் நாள் சொல்லியிருப்பார். இருபது முறை கப்பலில் வந்த பயணி கைகட்டி உட்கார்ந்திருப்பார். பயணிகளை அறிவில்லாதவர்களாகக் காட்டும் அந்த வகையே எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பதிலாக, இந்த வாரம் இந்தக் கப்பலில் எல்லோரும் சேர்ந்து பார்த்ததைத் தேடுங்கள். லிஃப்டின் தரையில் இன்று என்ன கிழமை என்று எழுதிய விரிப்பைப் போடுவார்கள், தினமும் மாற்றுவார்கள். நான்காம் நாள் முதல் எல்லோரும் அதைக் குனிந்து பார்த்துத்தான் கிழமையைத் தெரிந்துகொள்வார்கள். அறையைச் சுத்தம் செய்பவர் துண்டை மடித்துச் செய்து வைக்கும் யானையை எடுத்து உடம்பு துடைக்க மனம் வராமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! நேற்று மழையில் நனைந்தபடி பேருந்துக்காக நின்றது, மேல்தளத்தில் நாற்காலி பிடிக்கத் துண்டு போட்டுவிட்டுப் போவது. இவையெல்லாம் ஆயிரம் பேருக்கும் பொதுவான நினைவு. நிலத்தில் இருக்கும் எந்த நகைச்சுவைக் கலைஞருக்கும் இந்த வசதி இல்லை. அறையில் அடைந்து கிடந்தால் இது கிடைக்காது. சின்ன நோட்டோடு வெளியே நடக்க வேண்டும். என் இரண்டாவது ஷோவின் முதல் பத்து நிமிடத்தை எப்போதும் அந்தக் கப்பலிலேயே எழுதுகிறேன்.

இப்போது மறுபடி அந்தப் பெரியவரிடம் வருகிறேன். அன்றைக்குப் பின் கூட்டத்தோடு பேசுவதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி மட்டும் பேசுவேன். அவர் வாங்கிய தொப்பி, போட்டிருக்கும் பூப்போட்ட சட்டை, செய்யும் வேலை, மனைவிக்குச் சொல்லாமல் பதிவு செய்த சுற்றுலா. அவருக்கு வாய்த்ததைப் பற்றிப் பேச மாட்டேன். உடம்பு, முகம், நிறம், வயது, பேச்சுத் தொனி, பக்கத்தில் காலியாக இருக்கும் இருக்கை. குறிப்பாகக் காலி இருக்கை. பல வருடம் சேர்த்து வைத்துப் பதிவு செய்த பயணத்துக்கு, துணையை இழந்த பிறகும் தனியாக வந்திருப்பவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறார்கள். இந்த விதியால் என் சிரிப்புக் குறைந்ததா என்று கேட்கிறார்கள். முதல் மாதம் குறைந்தது, ஏனென்றால் சுலபமான வழி மூடிவிட்டது. அதற்குப் பின் கூடியது. நான் யாரையும் காயப்படுத்த மாட்டேன் என்று கூட்டத்துக்குப் புரிந்ததும் முன்வரிசை இருக்கைகள் முதலில் நிரம்ப ஆரம்பித்தன.

ஐந்தாம் இரவு, என் இரண்டாவது ஷோவில், அவர் அதே முன்வரிசை இருக்கையில் இருந்தார். நான் அவரிடம் எதுவும் பேசவில்லை, கவனித்துக்கொண்டே இருந்தேன். அவர் வலது கை, மனைவியின் முழங்கை மேல் இருந்தது. நான் ஒரு வரியை முடிக்கும்போதெல்லாம் விரல்கள் இரண்டு முறை லேசாக அழுத்தின. மனைவி உடனே அவர் பக்கம் திரும்பினார். அதுதான் அவர் சிரிப்பு. அன்றிலிருந்து நான் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. தோள் குலுங்குகிறதா, பக்கத்தில் இருப்பவர் பக்கம் சாய்கிறார்களா, கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். காது கேட்கும் கருவி போட்டவர்கள் நிறையப் பேர் வருவார்கள். முடிவு வரியைச் சிரிப்புச் சத்தத்துக்குள் போட்டால் அவர்களுக்கு அது போய்ச் சேராது. சத்தம் அடங்கும்வரை பொறுங்கள்.

மதம், தேர்தல், பயணத்தின்போது பரவும் நோய், ஒரு நாட்டுக்காரர்களைப் பற்றிய பொது முத்திரை இவையெல்லாம் வேண்டாம். கப்பல் ஊழியர்களைக் கேலிப் பொருளாக்குவதும் வேண்டாம். உங்களுக்குக் காபி ஊற்றுகிறவர் ஏழெட்டு மாதம் குடும்பத்தைப் பார்க்காமல், வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்கிறவர். அவர் பேச்சு உச்சரிப்பை மேடையில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டு, மறுநாள் எப்படி அவர் கையால் காபி வாங்குவீர்கள்?

குடியிருப்பது

ஷோ வாரத்தில் இரண்டு இரவுதான். மற்ற நேரமெல்லாம் நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள். பயணியும் இல்லை, முழு ஊழியரும் இல்லை என்ற நடுநிலை அது. பயணிகள் பகுதியில் உலவலாம், சாப்பிடலாம். ஆனால் சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கும், எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டமான நேரத்தில் லிஃப்டில் பயணிகளுக்கு இடம் விடுங்கள், ஷோவில் நல்ல இருக்கையில் உட்காராதீர்கள். பயணியின் அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்; அன்றைக்கே அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். குடித்துவிட்டு நடமாடுவதும் அப்படித்தான், முன்னறிவிப்பு இல்லாமல் ஊதிப் பார்க்கச் சொல்வார்கள்.

கை கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் பரவினால் சில நாளிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் படுத்துவிடுவார்கள். கைகழுவும் ஜெல் அந்தக் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். ஷோ முடிந்து வாசலில் நின்று நூறு பேருக்குக் கை கொடுக்கும் கலைஞர், நல்ல மனதோடுதான் செய்கிறார், ஆனால் நூறு பேருக்கும் பாலமாகிவிடுகிறார். நான் கைகூப்பிவிடுகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. உங்களுக்கு வாந்தி, பேதி வந்தால் மறைக்காமல் மருத்துவப் பகுதிக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், ஷோ போகும். போகட்டும்.

கப்பல் ஆட்டத்தில் வரும் தலைசுற்றலுக்கும் குமட்டலுக்கும் வெட்கப்பட வேண்டாம், யாருக்கும் வரலாம். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் அறை கிடைத்தால் நல்லது. தொடுவானத்தைப் பாருங்கள், வெறும் வயிற்றில் இருக்காதீர்கள், இஞ்சி உதவும். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்டு, ஷோ இல்லாத நாளில் முதலில் போட்டுப் பாருங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், வாயை உலர்த்தும். எனக்கு ஒன்று நாக்கை இரண்டு மணி நேரம் கனமாக்கிவிட்டது. அதை மேடையில் கண்டுபிடிக்காமல் அறையில் கண்டுபிடித்தது நல்லதாயிற்று.

துறைமுகத்தில் இறங்கும்போது கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், அதை நம்பித்தான் பலர் கப்பலைத் தவறவிடுகிறார்கள். கப்பலில் ஏறி இறங்கும் பாதையான கேங்வே அருகே எழுதிப் போட்டிருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கடலுக்குள் போனதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் கைப்பேசிக் கோபுரத்தோடு இணைந்து மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சரி, கடினமான விஷயம். ஷோ சரியாகப் போகாத இரவு எல்லோருக்கும் வரும். நிலத்தில் அந்த இரவு காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே மறுநாள் காலை லிஃப்ட் திறந்தால் நேற்று எழுந்து போன தம்பதியர் நிற்பார்கள். புதியவர்கள் செய்யும் தவறு, அறைக்கே சாப்பாட்டைக் கொண்டுவந்து இரண்டு நாள் ஒளிந்துகொள்வது. இரண்டாவது ஷோவுக்குள் மனம் முழுக்க இருட்டிவிடும். காலையில் வழக்கமான நேரத்துக்கே போங்கள். பயணிகள் பார்த்தால் நீங்கள் முதலில் காலை வணக்கம் சொல்லுங்கள், ஷோவைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். உங்கள் கவலையை அவர்கள் தூக்க வேண்டியதில்லை. பத்தில் எட்டுப் பேர் நல்லதாக ஏதோ சொல்வார்கள். அப்புறம் மதியம் ஒலி பார்ப்பவரிடம் பதிவைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததை விடச் சிரிப்பு அதிகம் இருக்கும், இரண்டு இடத்தில் மட்டும் வேகம் தவறியிருக்கும்.

தனிமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் உங்களைத் தெரிந்து வணக்கம் சொல்லும் இடத்தில், பேசிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் இருப்பது ஒரு தனி வலி. 2024-இல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில், நிறைந்தால் 7,600 பயணிகள் வரை இருப்பார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் நடுவிலும் தனிமை வரும். எனக்கு உதவியவை மிகச் சாதாரணமானவை. தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு ஒரு அழைப்பு. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை எழுத்து, எந்தத் துறைமுகமானாலும். ஊழியர் உணவுக்கூடத்தில் வாரம் இரண்டு முறையாவது சாப்பாடு. இசைக்குழுவினர், நடனக் கலைஞர்கள், விளக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் உண்மையாகப் பேசுவார்கள். ஒருவர் ஊர் போகக் கிளம்பும் நாள், ஒருவர் குழந்தை பிறந்ததை வீடியோவில் பார்த்த நாள், இவையெல்லாம் அந்த மேசைகளில்தான் நடக்கும். என் நெருங்கிய நண்பர்கள் நால்வரில் மூவர் அங்கே கிடைத்தவர்கள்.

பணம் வாரக் கணக்கில் வரும். இரண்டு கப்பலுக்கு நடுவில் சம்பளம் இல்லாத வாரங்கள் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துச் செலவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீட்டில் கடற்பயணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணம் முடிந்ததும் பயணிகளிடம் கருத்து கேட்டு மதிப்பெண் போடுவார்கள், அடுத்த அழைப்பு பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வரும். மேடையில் எவ்வளவு சிரிக்க வைத்தீர்கள் என்பதோடு, தாழ்வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்பதும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும்.

இறங்கும் நாளுக்கு முந்தின இரவே பெட்டியைக் கட்டிவிடுங்கள், காலையில் லிஃப்ட் கிடைக்காது. ஊழியர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அறையைச் சுத்தம் செய்தவருக்கும் மேடை மேலாளருக்கும் பெயர் எழுதிய உறையில் நன்றியை வையுங்கள். அடுத்து ஏறப்போகும் கலைஞருக்கு ஒரு சின்னத் தாள் எழுதி மேடை மேலாளரிடம் கொடுங்கள்: மேடையின் இடது ஓரத்தில் மைக் எங்கே சத்தம் போடுகிறது, இந்த வாரம் எந்தக் கதையை நான் சொல்லிவிட்டேன், முன்வரிசையில் யாரிடம் பேச வேண்டாம். அந்த வாரம் நான் இறங்கும்போது மூன்றாவது வரியில், 'முன்வரிசை நடுவில் ஒரு பெரியவர் உண்டு, அடுத்த பயணத்துக்கும் இருக்கிறார், முகத்தைப் பார்க்காதீர்கள், வலது கையைப் பாருங்கள்' என்று எழுதினேன்.